ஊசி ஏற்றும் நாளும் குருதி கொடுக்கும் நாளும்

செங்கடற் கரையிலுள்ள யான்பு, 1975ஆம் ஆண்டு சவூதி அரசு நிறுவிய ஆணைக்குழுவின் கீழ்க் கைத்தொழில் நகரமாக உருப்பெற்றது. அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இரவு பகல் என வேலைமுறை மாறிக்கொண்டேயிருக்கும். வளைகுடாவின் இத்தகைய நகரங்களிலே உழைக்கும் எம்மவர்க்கும், ஐரோப்பாவிலும் கனடாவிலும் இரவுவேலை செய்யும் எம்மவர்க்கும் பொதுவானதொரு மருத்துவ விடயத்தை இன்று நோக்குவோம். நாணத்தினால் பலரும் வெளியே பேசாத விடயம் அது.

ஆண்களின் விதைகளிலே சுரக்கும் ஓமோன் ரெஸ்ரோஸ்ரெரோன் ஆகும். 1935ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாமில் அது முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே செயற்கையாகவும் ஆக்கப்பட்டது. அது குறைந்தால் களைப்பும் இல்லற நாட்டக் குறைவும் தோன்றலாம். எம்மவரிடையே மிகுந்து காணப்படும் நீரிழிவுக்கும் இக்குறைவுக்கும் தொடர்புண்டு. அமெரிக்காவின் பவலோ நகரில் நடாத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள ஆண்களில் மூவரில் ஒருவருக்கு இவ்வோமோன் குறைந்திருந்தது.

குறைவைப் புறத்தே இருந்து ஈடுசெய்யும் சிகிச்சை உண்டு. ஆயினும் அதன் நன்மையும் தீமையும் குருதிப் பரிசோதனையிலேயே தங்கியுள்ளன. தவறான வேளையில் எடுத்த குருதி பொய்யான இலக்கத்தைத் தரும். அந்த இலக்கத்தை நம்பி மருந்தின் அளவு கூட்டப்படுவதும் குறைக்கப்படுவதும் உண்டு.

முதலாவது, நோயை உறுதிசெய்யும் பரிசோதனை. காலையில் வெறும் வயிற்றுடன், வெவ்வேறு நாட்களில் இருமுறை குருதி கொடுத்தல் வேண்டும் என்பது அமெரிக்க அகஞ்சுரப்பியியல் சங்கம் 2018இல் வெளியிட்ட நெறிமுறை. இரவு உறக்கத்தின் பின்னரே இவ்வோமோன் உச்சம் அடைகின்றது. இரவு முழுவதும் ஆலையிலே விழித்திருந்து, காலை எட்டு மணிக்கு நேரே ஆய்வுகூடம் செல்பவருக்கு அது உண்மையான காலையன்று. சில நாட்கள் இரவில் ஒழுங்காக உறங்கிய பின் செல்வதே முறை. காய்ச்சலிலும் கடும் நோயிலும் எடுத்த அளவை வைத்து முடிவு செய்தலாகாது.

இரண்டாவது, சிகிச்சை தொடங்கிய பின் எடுக்கும் பரிசோதனை. இதற்குரிய நாள் மருந்துக்கு மருந்து வேறுபடும். வாரம் ஒருமுறை அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் எனந்தேற், சிப்பியோனேற் ஊசியாயின் இரு ஊசிகளுக்கும் நடுவிலுள்ள நாளிலே குருதி எடுத்தல் வேண்டும். பத்து முதல் பதினான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றும் நெபிடோவாயின் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னர் எடுத்தல் வேண்டும். தோலிற் பூசும் களியாயின் பூசி இரண்டு முதல் எட்டு மணி நேரத்துள் எடுக்கவேண்டும். களி பூசிய தோலில் ஊசி குத்திக் குருதி எடுத்தால் அளவு பொய்யாக உயரும். எப்போது மருந்து ஏற்றினீர்கள், எப்போது குருதி கொடுத்தீர்கள் என்பதைத் தாளிலே குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள். முடியுதிர்வுக்கென உட்கொள்ளும் பயோற்றின் விற்றமினும் சில பரிசோதனைகளைப் பிறழச் செய்யும் என்பதால் அதனையும் முன்கூட்டியே கூறுங்கள்.

அலகையும் கவனித்தல் வேண்டும். ஓர் ஆய்வுகூடத்தில் 500 நனோகிராம் (ஒரு டெசிலீற்றருக்கு) என எழுதப்பட்ட அதே அளவு, கனடாவில் சுமார் 17 நனோமோல் (ஒரு லீற்றருக்கு) என எழுதப்படும். நாடு மாறிய ஒருவர் ஓமோன் வீழ்ந்துவிட்டதென அஞ்சவேண்டியதில்லை.

மூன்றாவது, ஓமோன் அளவினும் முக்கியமான ஒன்று. இம்மருந்து செங்குழியங்களைப் பெருக்கிக் குருதியைத் தடிப்பாக்கும். குருதியில் செங்குழியங்களின் பங்கைக் காட்டும் ஹீமற்றோகிறிற், சிகிச்சைக்கு முன்னும், தொடங்கி மூன்று முதல் ஆறு மாதங்களுள்ளும், பின் ஆண்டுதோறும் பார்க்கப்படல் வேண்டும். அது 54 வீதத்தைக் கடந்தால், குறையும் வரை மருந்தை நிறுத்தவேண்டும் என்பது அதே நெறிமுறை. கோடை வெயிலில் வியர்த்து நீரிழந்த உடல் இந்த அளவை மேலும் உயர்த்திக் காட்டும். எனவே நன்கு நீர் அருந்தியிருந்த நாளிலே குருதி கொடுப்பது நன்று. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றர் உயரத்திலுள்ள அபா போன்ற மலைநகரங்களில் வாழ்வோருக்கு இயல்பாகவே இது சற்று உயர்ந்திருக்கும். வயதானவர்கள் புரொஸ்ரேற் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனை பற்றியும் வைத்தியருடன் பேசுதல் வேண்டும்.

2023இல் வெளியான ட்ராவேர்ஸ் ஆய்வில், இதயநோய் அபாயமுள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் கவனிக்கப்பட்டனர். மாரடைப்பும் பக்கவாதமும் இம்மருந்தினால் மிகவில்லை. ஆயினும் இதயத்துடிப்புச் சீர்கேடும் நுரையீரலில் குருதி உறைதலும் சற்று மிகுந்தன. கண்காணிப்பு ஏன் தேவை என்பதற்கு இதுவே விடை.

இறுதியாக, இளம் வயதினருக்கு ஒன்று. மனைவியை ஊரில் விட்டு, ஈராண்டுக்கொருமுறை விடுமுறையில் சென்று குழந்தைப்பேறு வேண்டி நிற்போர் எம்மிடையே பலர். "ஆண்மை பெருகும்" என நண்பர் கூறும் ஊசியை ஏற்றிக்கொண்டால், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி தன் கட்டளையை நிறுத்திவிடும், விந்துக்கலங்கள் அருகிவிடும். இந்த இயல்பினாலேயே இவ்வோமோனை ஆண்களுக்கான கருத்தடையாக உலக சுகாதார அமைப்பு ஆராய்ந்து 1990இல் முடிவுகளை வெளியிட்டது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு நிலைமை மீளும். ஆயினும் அதற்குப் பல மாதங்கள் செல்லும். விடுமுறையோ சில வாரங்கள். குழந்தை விரும்புவோர் ஊசிக்கு முன்னரே விந்துப் பரிசோதனையும் எல்.எச்., எப்.எஸ்.எச். பரிசோதனைகளும் செய்வித்தல் வேண்டும். இவர்களுக்கு வேறு சிகிச்சைகளும் உள.

ஒரு நாட் சம்பளத்தை இழந்து ஆய்வுகூட வாயிலில் நிற்கும் எம்மவருக்கு நாம் கூறுவது இதுவே: எந்த நாளில், எந்த நேரத்தில், எதற்காகக் குருதி கொடுக்கின்றீர்கள் என்பதை வைத்தியரிடம் கேட்டறிந்த பின்னரே கையை நீட்டுங்கள். பெறுபேற்றின் பிரதியையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாடு விட்டு நாடு செல்லும் எம் வாழ்வில், அடுத்த வைத்தியருக்கு அத்தாளே வழிகாட்டும்.