தோலுக்கு ஏற்ற உணவு

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் வழியில், நல்லாற்றங்கரையில் உள்ளது திருமுருகன்பூண்டி. சிற்பக் கூடங்கள் மிகுந்த ஊர். அங்கே கருங்கல்லைச் செதுக்குவோர் வெயிலிலும் கல்தூசியிலும் உழைக்கின்றனர். சுந்தரர் கொண்டுவந்த பொருளை வேடுவர் வடிவில் வந்த பூதகணங்கள் பறித்தனவாகத் தலபுராணம் கூறுவதும் இவ்வூரைப் பற்றியே. அத்தகைய வழிப்பறி ஒன்று வெயில் படும் தோலிலும் நாள்தோறும் நிகழ்கிறது.

கதிரவன் ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் தோலில் புகும்போது, எலக்ட்ரான் ஒன்று துணையின்றி நிற்கும் சில நிலையற்ற மூலக்கூறுகள் தோன்றுகின்றன. அவை அண்டையிலுள்ளவற்றிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது மற்றொன்றிடம் பறிக்கும். இந்தத் தொடரைத் தம் எலக்ட்ரானை ஈந்து நிறுத்தும் பொருள்களே ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள். சி, ஈ எனும் வைட்டமின்களும், கீரையிலும் காரட்டிலும் உள்ள கரோட்டினும், தக்காளியின் செந்நிறமான லைகோபீனும் இவ்வகையின. வைட்டமின் சி-க்கு வேறொரு வேலையும் உண்டு. தோலைத் தாங்கும் கொலாஜன் என்னும் புரதம் உறுதியாக உருவாவதற்கு அது வேண்டும்; அது இல்லையேல் ஈறில் குருதி கசியும், புண் ஆறாது.

உணவு குறைந்தால் தோல் என்னவாகும் என்பதை நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். நீலகிரியின் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிச்சாலை 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அது குன்னூரில் இருந்த காலத்தில், 1936-இல், அதன் இயக்குநர் அய்க்ராய்டும் அவருடன் இராஜகோபால் என்பாரும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் ஊட்டநிலையை ஆராய்ந்து எழுதினர். பிள்ளைகள் சிலருக்கு முழங்கையிலும் தொடையிலும் மயிர்க்கால்தோறும் முள்போன்ற சொரசொரப்பு இருந்தது. கிரேக்கச் சொற்களால் மருத்துவர்கள் இதற்கு இட்ட பெயரின் பொருள், 'தேரைத்தோல்'. வைட்டமின் ஏ குறைவே காரணம் என்று முதலில் கருதினர். பின்னர் எண்ணெய்களில் உள்ள இன்றியமையாத கொழுப்பு அமிலங்களுக்கும் பி வகை வைட்டமின்களுக்கும் இதில் பங்குண்டு என்பது தெரிந்தது. தோலுக்குப் பல பொருள்கள் ஒருங்கே வேண்டும் என்பதே இதனால் விளங்குவது.

அங்ஙனமாயின் அவற்றை மாத்திரையாக விழுங்கினால் என்ன? பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆடவரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது. கரோட்டின் மாத்திரை உண்டவரிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. உண்ணாதவரைவிட ஏறத்தாழ 18 விழுக்காடு மிகுந்தது! ஒரு சத்தைத் தனியே பிரித்துப் பெருமளவில் உண்பது கீரை உண்பதற்கு ஈடாகாது. ஜெர்மனியில் 2001-இல் வெளியான சிறு ஆய்வோ உணவைப் பற்றியது. நாளொன்றுக்கு 40 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயுடன் பத்து வாரம் உண்டவர்களின் தோல் புறஊதாக் கதிர் பட்டபோது குறைவாகவே சிவந்தது.

எண்ணெய் அங்கே சுவைக்காக மட்டும் சேர்ந்ததன்று. கரோட்டினும் லைகோபீனும் கொழுப்பில் கரைபவை. எனவே முருங்கைக் கீரையைச் சிறிது நல்லெண்ணெயில் வதக்கி உண்பது நன்று. வைட்டமின் சி-யின் இயல்பு வேறு: அது நீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவோர் அச்சத்தையும் கொட்டிவிடுகிறார்கள். நெல்லிக்கனியையும் கொய்யாவையும் பச்சையாகவே உண்ணலாம். இவ்விரண்டும் ஆரஞ்சைக் காட்டிலும் வைட்டமின் சி மிகுந்தவை, விலையும் பெரிதன்று.

இவற்றை உண்டால் நிறம் வெளுக்குமோ என்று மாணவர் சிலர் வினவக்கூடும். வெளுக்காது, வெளுக்க வேண்டிய தேவையும் இல்லை. நம் தோலின் கருமைக்குக் காரணமான மெலனின் புறஊதாக் கதிரை ஓரளவு தடுத்துக் காப்பது.

கீரையால் ஆகாதவையும் உள. திருப்பூர் வட்டாரச் சாயப் பட்டறைகளில் சாயமும் வெளுப்புப் பொடியும் கையில் பட்டு வரும் அழற்சியை எந்தக் கனியும் தடுக்காது. அதற்கு வேண்டுவது கையுறை. தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் தோன்றினால் அது தொழுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். அதற்குச் சமையலறையில் மருந்து தேடாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்க. அங்கு அதற்குரிய மருந்தை இலவசமாகவே தருகிறார்கள்.