பூஞ்சேரி டு டெல்லி: ஒரு சாதிச் சான்றிதழின் 57 ஆண்டுப் பயணம்!

சென்னையிலிருந்து வரும் ஓ.எம்.ஆர் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் போய்த் தொடும் இடம் பூஞ்சேரி. மாமல்லபுரம் போகும் சுற்றுலாக் கூட்டத்தில் பாதி, அந்தச் சந்திப்பைத் தாண்டித்தான் கடற்கரைக் கோயிலுக்குப் போகிறது. அங்கே நரிக்குறவர்களும் இருளர்களும் குடியிருக்கிறார்கள் என்பது 2021 அக்டோபர் வரை பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

அந்த மாதம் ஒரு வீடியோ வைரலானது. மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் தங்களை உட்காரவிடாமல் அனுப்பிவிட்டார்கள் என்று, பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் பெண் ஒருவர் அதில் கோபமாகப் பேசியிருந்தார். அழுது கெஞ்சவில்லை, நேராகக் கேள்வி கேட்டார். அதனால்தான் அது அவ்வளவு பேரைப் போய்ச் சேர்ந்தது. அக்டோபர் 29 அன்று அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலுக்கு வந்து, அதே பெண்ணுடன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரம், தீபாவளி நாளான நவம்பர் 4 அன்று, முதல்வர் மு.க.ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்தார். நரிக்குறவர், இருளர் குடும்பங்கள் 282-க்கு ரூ.4.53 கோடி மதிப்பில் நலத்திட்ட உதவிகள் அறிவிக்கப்பட்டன. பட்டா, சாதிச் சான்றிதழ், வாரிய அட்டை என ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார்கள்.

இரண்டு நாள்களுக்கு முன்புதான் இருளர் வாழ்க்கையைச் சொல்லும் 'ஜெய் பீம்' படம் வெளியாகியிருந்தது. அந்த வாரம் தமிழ்நாடு முழுக்க இதே பேச்சு.

பட்டாவை கலெக்டர் கொடுக்கலாம். ரேஷன் கார்டை வட்ட வழங்கல் அலுவலகம் கொடுக்கலாம். ஆனால், நரிக்குறவர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை முதல்வரே நினைத்தாலும் மேடையில் வைத்துக் கொடுத்துவிட முடியாது. 'எங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேருங்கள்' என்பதுதான் அது.

எம்.எல்.ஏ-வுக்கு இல்லாத அதிகாரம்

மாமல்லபுரமும் பூஞ்சேரியும் திருப்போரூர் சட்டமன்றத் தொகுதிக்குள் வருகின்றன. 2021 தேர்தலில் இங்கே விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் எஸ்.எஸ்.பாலாஜி ஜெயித்தார். வித்தியாசம் 1,947 ஓட்டுகள்தான். ஒரு தெரு மனசு மாறினால் முடிவு மாறிவிடும் என்கிற அளவுக்கு நெருக்கமான தொகுதி. அப்படிப்பட்ட தொகுதியில் ஒரு குடியிருப்பின் குறை எம்.எல்.ஏ காதுக்குப் போகாமல் இருக்காது.

எம்.எல்.ஏ கையில் சில கருவிகள் இருக்கின்றன. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு ரூ.3 கோடி. சட்டமன்றத்தில் கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை விவாதம். 2022 ஆகஸ்டில் 234 எம்.எல்.ஏ-க்களுக்கும் முதல்வர் கடிதம் எழுதி, தொகுதியில் தீராமல் கிடக்கும் 10 முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியல் போட்டு கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். சாலை, பள்ளிக்கூடம், குடிநீர் எல்லாம் அந்தப் பட்டியலில் அடங்கும். பழங்குடிப் பட்டியல் அடங்காது.

காரணம், அரசியலமைப்புச் சட்டத்தின் 342-வது பிரிவு. எந்த மாநிலத்தில் எந்தச் சமூகம் பழங்குடி என்பதைக் குடியரசுத் தலைவர் அறிவிப்பார். அந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். மாநில அரசு பரிந்துரைக்கலாம். அதை இந்தியத் தலைமைப் பதிவாளர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு தேசியப் பழங்குடியினர் ஆணையம், மத்திய அமைச்சரவை, மக்களவை, மாநிலங்களவை, கடைசியில் குடியரசுத் தலைவர் கையெழுத்து. நடுவில் எங்காவது ஃபைல் நின்றுவிட்டால், மறுபடியும் தள்ளிவிட ஆள் வேண்டும்.

கமிட்டி சொன்னது 1965-ல்

1965-ல் பி.என்.லோகுர் தலைமையிலான குழு, நரிக்குறவர்களைக் குருவிக்காரர்களோடு சேர்த்துப் பழங்குடிப் பட்டியலில் வைக்கலாம் என்று பரிந்துரை செய்தது. நேரு மறைந்து ஓராண்டு ஆகியிருந்த காலம் அது. அப்போது பிறந்த குழந்தை, மசோதா நிறைவேறியபோது பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

லோகுர் குழு பழங்குடிகளை அடையாளம் காண ஐந்து அளவுகோல்களை வைத்தது. தொன்மையான வாழ்க்கை முறை, தனித்த பண்பாடு, புவியியல் ரீதியாக ஒதுங்கி இருப்பது, பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. நான்காவதை இன்னொரு முறை படியுங்கள். பஸ் ஸ்டாண்டில் ஊசி மணி, பாசி மணி விற்றுத்தான் சாப்பிட முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் கூச்சப்பட்டால் அடுப்பு எரியுமா? வேட்டைதான் இவர்களின் பழைய தொழில். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதற்கும் வழியில்லை. வீட்டுக்குள் இன்றைக்கும் 'வாக்ரிபோலி' பேசுகிறார்கள். வட இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த, எழுத்து வழக்கு இல்லாத மொழி. தனித்த பண்பாட்டுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்!

2016 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. வேறு சில மாநிலங்களின் சமூகங்களோடு நரிக்குறவர் பெயரும் அதில் இருந்தது. அது நிறைவேறவே இல்லை. 2019-ல் அந்த மக்களவையின் காலம் முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது.

பூஞ்சேரிக்குப் பிறகு வேகம் கூடியது. 2022 மார்ச்சில் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் 14 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல். டிசம்பர் 15 அன்று மக்களவையிலும், 22 அன்று மாநிலங்களவையிலும் மசோதா நிறைவேறியது. ஒரு பந்தி விவகாரம்தான் டெல்லியை அசைத்தது என்று சொன்னால் மிகை; ஃபைல் ஏற்கெனவே பாதி வழியில் இருந்தது. ஆனால், அந்த வீடியோ இல்லையென்றால் யார் இதைப் பற்றிப் பேசியிருப்பார்கள்?

அதே மண்ணின் பழைய தீர்மானம்

இந்த மாவட்டத்துக்கு இது புதிய கதை இல்லை. மதுராந்தகம் அருகே உள்ள கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். சென்னை மாகாண சட்டமன்ற மேலவை உறுப்பினராக இருந்த அவர், 1924-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் எதிலும் எந்தச் சாதியினரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, அரசாணையாகவும் வந்தது.

1924-க்கும் 2021-க்கும் நடுவில் 97 ஆண்டுகள். கோழியாளமும் மாமல்லபுரமும் இருப்பது ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில்.

கையில் வந்தால்தான் சான்றிதழ்

பட்டியலில் சேர்ந்துவிட்டால் என்ன மாறும்? முதலில், அலுவலகம் மாறும். தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை தாலுகா அலுவலக மட்டத்திலேயே வாங்கிவிடலாம். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ, விசாரித்துத்தான் தருவார். அதாவது, பூஞ்சேரிக்காரர்களின் விண்ணப்பம் திருக்கழுக்குன்றத்தோடு முடியாது. கோட்டாட்சியர் மேசைக்குப் போக வேண்டும்.

விசாரணை என்பது சின்ன வார்த்தை. அப்பாவுக்குச் சான்றிதழ் உண்டா, தாத்தாவுக்கு உண்டா, நிலப் பத்திரத்தில் என்ன சாதி எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்து வாழ்ந்தவர்களிடம் தாத்தாவின் நிலப் பத்திரத்துக்கு எங்கே போவது? மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகாத 2022 அக்டோபரில், படப்பையைச் சேர்ந்த மலைக்குறவர் சமூகத்து அப்பா ஒருவர், மகனுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து இறந்தார். மலைக்குறவர்கள் வேறு சமூகம். அவர்கள் பட்டியலில் எப்போதோ இருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இருப்பதும் கையில் காகிதம் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு அந்த மரணம் சாட்சி.

இருளர்களும் அப்படித்தான். பழங்குடிப் பட்டியலில் பல்லாண்டுகளாக இருக்கிறார்கள். மிகவும் நலிவடைந்த பழங்குடிகளாக மத்திய அரசே வகைப்படுத்திய ஆறு தமிழ்நாட்டுச் சமூகங்களில் ஒன்று. பூஞ்சேரியிலிருந்து கொஞ்ச தூரத்தில், வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள். 2023-ல் இந்த மாவட்டத்தின் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அப்படிப்பட்ட சமூகத்துக் குடும்பங்களுக்கே சாதிச் சான்றிதழ் கொடுக்க முதல்வர் வர வேண்டியிருந்தது.

இட ஒதுக்கீட்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம். முன்பு இவர்கள் இருந்தது மிகவும் பிற்படுத்தப்பட்டோரின் 20 சதவிகிதத்தில். அங்கே எண்ணிக்கையிலும் படிப்பிலும் பெரிய சமூகங்களோடு ஓட வேண்டியிருந்தது. இப்போது வந்திருப்பது மாநிலத்தில் 1 சதவிகிதம், மத்திய அரசில் 7.5 சதவிகிதம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களுக்கான அந்த 1 சதவிகிதத்தைத்தான் இனி இவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கான தனித் தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே இரண்டு. இரண்டுமே மலைப்பக்கம். கடற்கரையோர நரிக்குறவர்களுக்காகப் பேச, இப்போதைக்குத் திருப்போரூரில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள்தான்.

சட்டம் வந்து மூன்று மாதம் ஆன 2023 மார்ச் 30 அன்று, சென்னையில் ஒரு திரையரங்கில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் ஒரு வீடியோ, மறுபடியும் கண்டனங்கள். பிறகு உள்ளே விட்டார்கள். படத்தின் பெயர் 'பத்து தல'.