வயிறு நிறைந்த பின்னும் கை நீள்வதேன்?

வயிறாரச் சோறு உண்ட பின்னும் பிஸ்கட் டின்னைத் திறப்பவரை, "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அதிலும் இனிப்பு நீர் கண்ட பெரியவர்கள் வீட்டாரிடம் வாங்கும் ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. வாயைக் குறை சொல்லுமுன் மூளையைச் சற்று எட்டிப் பார்ப்போம்.

மூளையின் அடிப்பகுதியில், வாதுமைப் பருப்பளவில், ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி உண்டு. பசியைக் கண்காணிக்கும் கங்காணி அதுதான். 1940-இல் அமெரிக்காவில் ஹெதரிங்டன், ரான்சன் என்னும் இருவர் எலிகளுக்கு அந்த இடத்தில் சிறு சேதம் உண்டாக்கிப் பார்த்தார்கள். எலிகள் மிதமிஞ்சிப் பருத்துவிட்டன.

சரி, கங்காணி நலமாயிருந்து "போதும்" என்ற பிறகும் கை நீள்கிறதே? அதற்குக் காரணம் இன்னொரு பாதை. அது நடுமூளையில் புறப்பட்டு முன்மூளையின் ஆழத்துக்குப் போகிறது. அதில் ஓடும் இரசாயனத்துக்கு டோபமின் என்று பெயர். 1954-இல் கனடாவின் மொன்ரியல் நகரில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் ஆய்வாளர்கள் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, ஒரு பிடியை அழுத்தினால் சிறிது மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலிகள் மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை அந்தப் பிடியை அழுத்தின!

ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளிடம் கண்டது இன்னும் வியப்பானது. முதலில் பழச்சாறு நாவில் பட்டபோது டோபமின் அணுக்கள் துடித்தன. பழகிய பின், சாறு வருமென்று காட்டும் விளக்கைக் கண்டதுமே துடித்தன. டின் மூடியின் ஓசையே நமக்கு அந்த விளக்கு. நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி கடிவாளம் பிடிக்கும். ஆனால் விடியுமுன் எழுந்து, தூக்கம் போதாதவர்களுக்கு அந்தப் பிடி தளரும்.

இதைக் கள், சம்சு போன்ற அடிமைத்தனம் எனலாமா? அறிஞர்களிடையே இன்னும் வாதம் உண்டு. 2013-இல் அமெரிக்க மனநோய்க் கையேடு, அடங்காமல் அள்ளித் தின்பதைத் தனி நோயாக ஏற்றது; 'உணவு அடிமை' என்ற பெயரை ஏற்கவில்லை.

2019-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் தொழிற்சாலைப் பண்டங்களும், இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் வேண்டிய மட்டும் கொடுத்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் சமமே. இருந்தும் தொழிற்சாலைப் பண்டம் உண்ட நாட்களில் தினமும் ஏறக்குறைய 500 கலோரி, அதாவது இரண்டு குவளைச் சோற்றுக்கும் மேலாக, அதிகம் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். ஆகவே தாத்தாவை ஏசுவதை நிறுத்திவிட்டு, அடுத்த சம்பளத்தில் அந்த டின்னை வாங்காமல் இருந்து பாருங்கள். பக்கத்து வீட்டு டின்னுக்கு நம்மிடம் வழியில்லை.