பருவத்தில் வரும் பரு: வகுப்பறையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் பாடம் நடத்தும்போது, ஹார்மோன்களால் எண்ணெய்ச் சுரப்பிகள் தூண்டப்பட்டு முகத்தில் பரு தோன்றுகிறது என்று ஓரிரு வரிகளில் கூறிவிட்டு அடுத்த தலைப்புக்குச் சென்றுவிடுகிறோம். ஆனால் எதிரே அமர்ந்திருக்கும் மாணவருக்கு அந்தப் பாடத்திலேயே மிக நெருக்கமான வரிகள் அவைதாம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு வந்ததும் துப்பட்டாவால் கன்னத்தை மூடிக்கொள்ளும் மாணவிகளையும், வகுப்புப் புகைப்படம் எடுக்கும் நாளில் பின்வரிசைக்கு நகர்ந்துவிடும் மாணவர்களையும் நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி பேசும் பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். பரு என்றும், மொட்டிம என்றும், மொடவெ என்றும் சொல்வார்கள். பெயர்தான் வேறு, கவலை ஒன்றுதான். அந்தக் கவலைக்கு விடை தேடி அவர்கள் செல்வது பெரும்பாலும் மருத்துவரிடம் அல்ல. ஃபேன்சி ஸ்டோர், மருந்துக்கடை, பெங்களூருவிலிருந்து வரும் உறவினர், தொழிற்சாலை விடுதியில் தங்கி வேலை செய்யும் அக்கா, கைப்பேசிக் காணொளி ஆகியவையே அவர்களின் ஆலோசகர்கள். அவர்கள் சொல்வதில் நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துக்காட்டும் அளவுக்காவது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பரு எப்படி உண்டாகிறது?

தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலுடனும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்துள்ளது. வளரிளம் பருவத்தில் ஆண், பெண் இருபாலருக்கும் ஆன்ட்ரோஜன் ஹார்மோன் கூடுவதால் இச்சுரப்பி அதிக எண்ணெயைச் சுரக்கிறது. அதே சமயம் மயிர்க்காலின் வாயில் இறந்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் செல்களும் சேர்ந்து அடைப்பாகின்றன. அடைப்பு மூடியிருந்தால் வெண்புள்ளி. வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி. கரும்புள்ளியின் கருமை அழுக்கு அல்ல. மெலனின் நிறமியும் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த பொருள்களுமே அந்த நிறத்துக்குக் காரணம். எனவே தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் அது போகாது.

அடைபட்ட இடத்தில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியா பெருகும்போது உடல் அதை எதிர்க்கிறது. சிவந்த மேடும் சீழ்ப்பருவும் அப்படி வருபவை. ஆக, எண்ணெய், அடைப்பு, பாக்டீரியா, அழற்சி என நான்கு படிகள். எந்த மருந்து எந்தப் படியில் வேலை செய்கிறது என்று பார்த்தாலே தேர்வு எளிதாகிவிடும்.

வெண்புள்ளி, கரும்புள்ளி, அங்கங்கே சில சிவந்த பருக்கள், தழும்பு இல்லை என்றால் அது லேசான வகை. இக்கட்டுரை அதைப் பற்றியதே.

எது பயன் தரும்?

முதலில் முகம் கழுவுதல். நாளைக்கு இரண்டு முறை, வியர்த்த பிறகு ஒரு முறை, மென்மையான சோப்பு போதும். நாரால் தேய்ப்பதும், மணிக்கொரு முறை கழுவுவதும் தோலை உலர்த்தி எரிச்சலைக் கூட்டும்.

சாலிசிலிக் அமிலம்: 1 முதல் 2 சதவீத அளவில் முகம் கழுவும் திரவங்களில் இருக்கும். அடைப்பை மெல்லத் தளர்த்தும். கரும்புள்ளி, வெண்புள்ளி மட்டும் உள்ளவர்களுக்கு ஏற்றது, ஆற்றல் மிதமானதே.

பென்சாயில் பெராக்சைடு: பாக்டீரியாவைக் கொல்லும். பாக்டீரியா இதற்கு எதிர்ப்புத்திறன் பெறுவதில்லை என்பது இதன் சிறப்பு. 2.5 சதவீதம் போதுமானது. 10 சதவீதம் வாங்கினால் பலன் அதிகமாவதில்லை, எரிச்சல்தான் அதிகமாகும். சீருடையிலும் தலையணை உறையிலும் பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அடாபலீன் 0.1 சதவீதம்: வைட்டமின் ஏ வழிவந்த மருந்து. அடைப்பு உருவாவதையே தடுப்பதால் பருவுக்கான அடிப்படை மருந்து எனலாம். இரவில், பட்டாணி அளவு எடுத்து, பரு உள்ள புள்ளியில் மட்டும் அல்லாமல் பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகத் தடவ வேண்டும். முதல் சில வாரங்கள் தோல் உலரும், உரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கினால் தாங்கும். கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

அசெலாயிக் அமிலம்: பருவோடு, பரு போன பின் நிற்கும் கரும் அடையாளத்தையும் குறைக்க உதவும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பருவைவிட அந்த அடையாளமே பல மாதங்கள் நீடித்து மனத்தை வருத்துகிறது. பருவைக் கிள்ளக் கூடாது என்பதற்கான காரணமும் இதுவே.

கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் தடவினால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா வளரும். அதனால்தான் மருத்துவர்கள் அதைப் பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தருகிறார்கள்.

எதைத் தேர்ந்தாலும் பொறுமை வேண்டும். மாற்றம் தெரிய 6 முதல் 8 வாரங்கள், முழுப் பலனுக்கு 12 வாரங்கள் ஆகும். ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்கினால் காலாண்டுத் தேர்வு நெருங்கும்போதுதான் பலனை எடைபோட முடியும் என்று மாணவரிடம் சொன்னால் எளிதில் புரியும். பத்து நாளில் ஒரு மருந்து, அடுத்த பத்து நாளில் வேறொன்று என்று மாற்றுவதே பலருக்கும் குணமாகாததற்குக் காரணம்.

மூன்றே நாளில் முகம் பளிச்சென்று ஆனால்?

அப்போதுதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். என் வகுப்பு மாணவி ஒருவரின் முகம் சில நாள்களில் பருவெல்லாம் அடங்கி வெளுத்துத் தெரிந்தது. தோழிகள் அந்தக் கிரீமின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்துக் கன்னம் சிவந்து, வெயிலில் நின்றால் எரிகிறது என்று அவர் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு வர மறுத்தார். அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தபோது அதில் மோமெட்டாசோன் என்ற பெயர் இருந்தது. அது ஸ்டீராய்டு. பின்னர் தோல் மருத்துவரின் கண்காணிப்பில் பல மாதங்கள் கழித்தே அவருக்குத் தோல் தேறியது.

ஸ்டீராய்டு கிரீம் அழற்சியை உடனே அடக்கும். பருவின் காரணத்தைத் தொடாது. தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், இரத்த நாளங்கள் வெளியே தெரியும், முகத்தில் முடி வளரும், புதிய பருக்களும் கிளம்பும். நிறுத்தினால் எரிச்சல் கூடுவதால் மீண்டும் அதையே தேட வைக்கும். நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் நடத்தி 2011இல் வெளியான பல மைய ஆய்வில், முகத்தோல் கோளாறுகளோடு வந்த 2926 பேரில் 433 பேர், அதாவது 14.8 சதவீதத்தினர், முகத்தில் ஸ்டீராய்டு தடவி வந்தது தெரிந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மருத்துவர் அல்லாதவர் சொல்லி வாங்கியவர்கள். பின்விளைவுகளில் முதலிடம் பிடித்தது பருவேதான்! 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது.

சிகப்பழகு கிரீம்களில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகப் பாதிப்புடன் வந்த சிலர், பாதரசம் கலந்த இத்தகைய கிரீம்களைப் பயன்படுத்தியிருந்தது கண்டறியப்பட்டது. தயாரிப்பாளர் முகவரி இல்லாத டப்பாவை வாங்கவே கூடாது.

பெற்றோரும் மாணவரும் கேட்பவை

“முட்டை சூடு, பரு வரும் என்று அம்மா சொல்கிறார்.” சத்துணவு முட்டையை இப்படிச் சொல்லி ஒதுக்கும் மாணவிகள் உண்டு. முட்டையும் வேர்க்கடலையும் பருவை உண்டாக்குகின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை. இனிப்புப் பானங்கள், மைதாப் பண்டங்கள் போன்று இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவு சிலருக்குப் பருவைக் கூட்டலாம். குறைக்க வேண்டியது பாட்டில் பானத்தை. இரத்தசோகை மிகுந்த இவ்வயதில் முட்டையை அல்ல.

“எலுமிச்சை, பற்பசை தடவலாமா?” வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் புண்ணாகிக் கருக்கும். பற்பசை எரிச்சலையே தரும்.

“தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?” வைக்கலாம், நெற்றியில் வழிய விடக் கூடாது. நெற்றியின் மேல்விளிம்பில் மட்டும் பொடிப்பொடியாகப் பரு இருந்தால் எண்ணெய்தான் காரணமா என்று பார்க்க வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய ஒன்று: சிப்காட் பட்டறைகளில் இயந்திர எண்ணெயோடும் கூலண்டோடும் வேலை செய்வோருக்கு முன்கையிலும் தொடையிலும் எண்ணெய்ப் பரு வருவதுண்டு. எண்ணெய் ஊறிய உடையை மாற்றி, சோப்பால் கழுவுவதே முதல் தடுப்பு. பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாகச் செல்லும் மாணவருக்கு இதையும் சொல்லி அனுப்பலாம்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

பிஎச் தாள்: பல சோப்புகளின் கரைசல், எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசைக் கரைசல் ஆகியவற்றைக் குழுவாகச் சோதிக்கச் செய்யலாம். தோலின் பிஎச் ஏறத்தாழ 5. சோப்புக் கட்டிகள் பலவற்றுக்கு 9 முதல் 10. எலுமிச்சைக்கு 2 அளவு. அமிலம், காரம் பாடம் முகத்தோடு சேர்ந்து மனத்தில் நிற்கும்.

அட்டை வாசிப்பு: வீட்டிலுள்ள கிரீம்களின் காலி அட்டையைக் கொண்டுவரச் செய்து, உட்பொருள் பெயரை எழுத வைக்கலாம். பீட்டாமெத்தசோன், மோமெட்டாசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் ஆகிய பெயர்களைக் கரும்பலகையில் எழுதிவைத்தால் மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அட்டையிலுள்ள சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டுடன் மட்டுமே வாங்க வேண்டிய மருந்து என்பதைக் குறிக்கும். யாருடைய அட்டை என்று கேட்காமல், எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் சேர்த்துப் பிரிப்பது நல்லது.

ஆசிரியரின் எல்லை

நாம் மருந்து சொல்லக் கூடாது, வழி சொல்லலாம். வலியுள்ள பெரிய கட்டிகள், தழும்பு, ஸ்டீராய்டு தடவிய வரலாறு, 12 வாரமாகியும் பலனின்மை, பருவோடு ஒழுங்கற்ற மாதவிடாயும் முகத்தில் முடியும், பருவால் பள்ளிக்கே வரத் தயங்குதல் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஸ்டீராய்டு பயன்படுத்தியவர் அதைத் தாமாக நிறுத்தித் தவிக்காமல் மருத்துவர் வழிகாட்டலில் நிறுத்துவதே நல்லது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். அரசு மருத்துவமனையிலும், 2022இல் தொடங்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். ஆலோசனைக்கு 104 என்ற எண் உண்டு.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, மூன்று நாளில் வெளுக்க வைக்கும் கிரீமைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்லலாம். ஷிப்ட் முடிந்து வரும் தாய்மார்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கும்.

இறுதியாக, நம் வாய்ச்சொல். “என்னம்மா, முகமெல்லாம் இப்படி ஆயிடுச்சு?” என்று வகுப்பின் நடுவே அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் நாற்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தனியே, மெதுவாகக் கேட்டால் மாணவர் பதில் சொல்வார். எந்தக் கிரீம் தடவுகிறார் என்பதையும் சேர்த்தே சொல்வார்.