சொந்த வீடு – 14: மெயின் போர்டுக்கு மேலே ஒரு குழாய்

ஆவடிக்குப் பக்கத்தில் வெள்ளானூரில் என் சித்தி மகன் வீடு கட்டுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. மாடிப்படிக்கு அடியில், மெயின் போர்டு வரும் இடத்தில் எலக்ட்ரீஷியன் சாக்பீஸால் கட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார். மறுநாள் வந்த பிளம்பர், அந்தக் கட்டத்துக்கு ஒரு முழம் மேலே, மாடித் தொட்டிக் குழாய்க்காகச் சுவரை வெட்டியிருந்தார். ஒரு எல்போவும் சரியாக அங்கேதான் வருகிறது.

"குழாய் செவுத்துக்குள்ளதான சார் போவுது, பூசிட்டா ஒண்ணும் ஆவாது" என்றார் மேஸ்திரி.

பூசிய பிறகுதான் எனக்குப் பயமே. வெளியே ஓடும் குழாய் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். சுவருக்குள் சொல்யூஷன் போட்டு ஒட்டிய இணைப்பு, பல வருஷம் கழித்து மயிரிழை அளவுக்கு விட்டுக்கொடுத்தால் யாருக்கும் தெரியாது. அந்த ஈரம் சுவரில் ஊறி, வயர் போகும் குழாயைப் பிடித்துவிட்டால் நேரே பெட்டிக்குள் இறங்கிவிடும். முதலில் கம்பி முனையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பிடிமானம் கெட்டு அந்த இடம் சூடேறும், வயரின் உறை கருகும். இன்னொரு பக்கம், நனைந்த சுவரிலேயே மின்சாரம் பாயலாம். அதற்கு எம்.சி.பி. விழாது, அளவுக்கு மீறிய மின்னோட்டமும் ஷார்ட்டும் மட்டும்தான் அதற்குத் தெரியும். சின்னக் கசிவைக் கண்டுபிடிப்பது ஆர்.சி.சி.பி. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 30 மில்லியம்பியரில் விழும் இந்தக் கருவி இப்போது கட்டாயம். அவசியம் போடுங்கள். ஆனால் அது இருக்கிறதே என்று தண்ணீரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

வயரிங்குக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 732, ஸிங்க்குக்கு மேலேயும் குளியலறையிலும் சுவிட்ச் போர்டு வைக்கக்கூடாது என்கிறது. துவைக்கும் அறையில் துவைக்கும் இடத்திலிருந்து 2.5 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அமெரிக்க விதி இன்னும் கறார். போர்டுக்கு மேலே 6 அடி வரை, அல்லது கூரை வரை, அந்த இடம் மின்சாரத்துக்கு மட்டும்தான். வேறு குழாய் எதுவும் குறுக்கே போகக்கூடாது.

நம் பக்கத்தில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் ஆவடிப் பகுதி தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்கள், போர்டை உயர்த்தி வைக்கச் சொல்கிறார்கள். சரியான யோசனைதான். உயர்த்த உயர்த்த அது மேலே ஓடும் குழாய்க்குப் பக்கத்தில் போகிறது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஏ.சி.யின் தண்ணீர்க் குழாயையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, இப்ப மாத்தினா செலவாவுமே" என்றான் தம்பி. குழாயைக் குளியலறையின் வெளிச்சுவர் வழியாக இறக்கினோம். கூடுதலாக இரண்டு குழாய், ஒரு நாள் கூலி.

ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில் போர்டுக்கு மேலே ஈரத் திட்டு தெரிந்தால் மூடியைத் திறக்காதீர்கள், சுவரைத் தொடாதீர்கள். மாடிக்குப் போய்த் தொட்டியின் வால்வை மூடுங்கள். மெயினே நனைந்திருந்தால் அதில் கை வைக்காமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்து வெளியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

நான் கிளம்பும்போது, பழைய வெட்டை மேஸ்திரியே கலவை வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். சாக்பீஸ் கட்டம் அப்படியே இருந்தது.

(அடுத்த வாரம்: சம்ப் மோட்டாரின் ஸ்டார்ட்டரை எங்கே மாட்டுவது?)