கதிர்க்குருவிக்குக் காது கொடுங்கள்

கொல்கத்தாவின் நியூ டவுனில் அடுக்குமாடிகளுக்கு நடுவே நாணல் திட்டுகளும் நீரோரப் புதர்களும் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் கதிர்க்குருவிகள் அங்கே தங்குகின்றன. சுமார் பத்து கிராம் எடை, மேலே பழுப்போ மங்கிய பச்சையோ, கீழே வெளிறிய நிறம். ஒரு கிளையில் நின்று முகம் காட்டும் வழக்கமே இல்லை. தேர்ந்த பறவை நோக்கர்களையும் திணறடிக்கும் கூட்டம் இது.

இலைகளுக்கிடையே பூச்சி பிடிக்கும் பறவைக்கு மங்கிய நிறமே காப்பு. அதனால் இனங்கள் பல ஒரே சாயலில் அமைந்துவிட்டன. தம் இனத்தை அவை பெரும்பாலும் குரலால்தான் அறிகின்றன. நாமும் அந்த வழியில்தான் போக வேண்டும்.

மரத்தின் மேல் இலைகளில் துருதுருவென்று திரிந்தபடி, ஈரசையாகக் கீச்சிடுவது பச்சைக் கதிர்க்குருவி. நீரோரச் செடிகளின் அடியில், தரையை ஒட்டி நகர்ந்து, கூழாங்கற்கள் மோதினாற்போல 'டக், டக்' என்பது கரும்பழுப்புக் கதிர்க்குருவி. பிளித் நாணல் கதிர்க்குருவியோ, பெயரில் நாணல் இருந்தாலும், குளிர்காலத்தில் புதர்களையே அதிகம் நாடும். அலகு நீளம், வெண்புருவம் கண்ணுக்கு முன்னால் மட்டுமே சற்றுத் தெளிவு. இவற்றில் பின்னிரண்டுக்கும் அறிவியல் பெயரிட்டவர், 1841 முதல் கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தைக் கவனித்த எட்வர்ட் பிளித்.

கையில் கிடைத்த பறவையும் ஏமாற்றும். 1867இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஆலன் ஹியூம் ஒரு நாணல் கதிர்க்குருவியைச் சேகரித்தார். அது தனி இனம்தானா என்ற ஐயம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. மரபணு ஆய்வே அதைத் தீர்த்தது. 2006இல் தாய்லாந்தில் அந்த இனத்தின் உயிருள்ள பறவை ஒன்று வலையில் சிக்கியது. பிறகு தேடியபோது, அதே இனத்தின் இன்னொரு பழைய உடல், பிரிட்டன் அருங்காட்சியகத்தில் பிளித் நாணல் கதிர்க்குருவிகளோடு கலந்து கிடந்தது!

இந்த நுணுக்கம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒரு நீரோரத் திட்டைத் தூர்த்தால், பூங்கா மரங்களில் பச்சைக் கதிர்க்குருவி தொடர்ந்து ஒலிக்கும். கரும்பழுப்புக் கதிர்க்குருவிக்குப் போக்கிடம் இராது. எல்லாவற்றையும் 'ஏதோ குருவி' என்று எழுதி வைத்தால், அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது. இனம் பிரித்து எழுதப்படும் ஒவ்வொரு குறிப்பும் அந்தத் திட்டுக்கான சாட்சியம்.