கோடிட்ட இடம் வெற்றிடமன்று

பிரித்தானியாவில் வலுவிழந்தோருக்கு 1971 முதல் செம்மஞ்சள் அட்டையும், 2000 முதல் நீல அட்டையும் வாகனத் தரிப்புச் சலுகை அளித்து வந்துள்ளன. பேரங்காடிகளில் அவர்களுக்கென ஒதுக்கிய தரிப்பிடத்தின் பக்கத்தே, சரிவுக் கோடுகள் வரைந்த, ஏறத்தாழ 1.2 மீற்றர் அகலமான பகுதியை நாம் காண்கிறோம். அதனை வெற்றிடமெனக் கருதி மோட்டார்ச் சைக்கிளை நிறுத்துவோர் சிலர் உளர். உண்மையில் அது, கார்க் கதவை முழுதாகத் திறந்து, சக்கர நாற்காலியை இறக்கி, அதில் அமர்வதற்கான இடமாகும். பொருள் வாங்கித் திரும்பும் ஒருவர், அவ்விடம் அடைபட்டிருந்தால், தம் காரினுள் ஏற வழியின்றி மழையிலும் காத்திருக்க நேரிடும். “ஐந்து நிமிடந்தானே” என நாம் சொல்லலாம். அந்நேரம் முழுவதும் அவர் வீடு திரும்ப இயலாதவராகிறார். வாகனம் ஓட்டும் பெற்றோரும், நாளை ஓட்டவிருக்கும் மாணவரும் இதனை மனங்கொள்வோமாக.